நாடில்லாத தேசிய இயக்கங்கள் ஏன் அயல்நாட்டு விடுதலைப் போராட்டங்களை முன்மாதிரியாகக் கொள்கின்றன?

"நடக்காத காரியம்" என்று கேட்டுக்கேட்டுச் சலித்தவர்களுக்கு, வேறெங்கோ அது நடந்துவிட்டது என்ற செய்தியே பாதி பலம். ஆனால் முன்மாதிரியைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தார்கள் என்பதை நான் நம்புவதில்லை. வழியை முதலில் முடிவு செய்கிறார்கள். அதற்குத் தோதான நாட்டைப் பிறகு தேடுகிறார்கள். ஸ்பெயினின் வடபகுதியில் தனி மொழியோடு வாழும் பாஸ்க் மக்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்த எண்ணம்தான் வலுக்கிறது.

பாஸ்க் தேசியத்தின் முன்னோடி சபினோ அரானா, 1902இல், முன்பு ஸ்பெயின் வசமிருந்த கியூபா விடுதலை பெற்றதற்காக அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை வாழ்த்தித் தந்தி கொடுக்கப்போய்ச் சிறைக்குப் போனார். 1959இல் பிறந்து, பிறகு ஆயுதமேந்திய பாஸ்க் விடுதலை அமைப்பான எட்டாவுக்கோ அல்ஜீரியாவும் வியட்நாமும் ஆதர்சங்கள். அங்கேதான் இடிக்கிறது. அல்ஜீரியா, கடலுக்கு அப்பால் இருந்த பிரான்சின் குடியேற்ற நாடு. பாஸ்க் பகுதியோ ஸ்பெயினின் தொழில் நெஞ்சகம். பில்பாவோவின் இரும்பாலைகளுக்குப் பிற மாநிலத்து ஏழைகள்தான் பிழைப்புத் தேடி வந்தார்கள். இருந்தும், "நாம் தாக்கினால் அரசு கண்மண் தெரியாமல் மக்களை அடிக்கும், அடிபட்டவர்கள் நம் பக்கம் வருவார்கள்" என்ற எட்டாவின் கணக்கு ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் ஓரளவு பலித்தது. 1975இல் அவர் இறந்தார், 1979இல் தன்னாட்சியும் வந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை. எட்டா கொன்ற 800க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் ஃபிராங்கோவுக்குப் பிறகு செத்தவர்கள்.

அயர்லாந்துக் கதை இன்னும் சுவையானது. பிரிட்டனுக்கு எதிரான 1916 எழுச்சிக்காக அந்நாட்டைக் கொண்டாடிய அதே தீவிர மரபு, 1998இல் சமாதானத்துக்காகக் கொண்டாடியது. வட அயர்லாந்தில் சமாதானம் கொண்டுவந்த பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம் ஏப்ரலில். செப்டம்பரிலேயே பாஸ்க் கட்சிகளின் லிசாரா ஒப்பந்தம், வட அயர்லாந்து தந்த பாடங்களைச் சொல்லியே தொடங்கியது. பாதிப் பாடத்தைத்தான் படித்தார்கள் என்பேன். பெல்ஃபாஸ்டில் பரம எதிரிகளும் பேச்சு மேசைக்கு வந்தார்கள். லிசாராவில் ஸ்பெயினின் இரு பெரிய கட்சிகளும் இல்லை. அதையொட்டி எட்டா அறிவித்த போர்நிறுத்தம் பதினான்கு மாதங்களில் முறிந்தது. கடைசியில் 2011 அக்டோபரில் எட்டா ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டபோது, மூன்று நாள் முன்பு சான் செபாஸ்டியனில் நடந்த மாநாட்டுக்கு வந்திருந்தவர்களில் அயர்லாந்துத் தேசியக் கட்சியான சின் ஃபெயினின் தலைவர் ஜெரி ஆடம்ஸும் ஒருவர்.

ஸ்பெயினின் இன்னொரு பகுதியான கட்டலோனியாவில் தனிநாடு கேட்டவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. ஆனால் கணக்கில் அவர்களும் கோட்டைவிட்டார்கள். 2018இல் கட்டலோனியாவின் அப்போதைய ஆட்சித் தலைவர் கிம் டோரா "ஸ்லோவேனிய வழி" என்றார். யூகோஸ்லாவியாவிலிருந்து ஸ்லோவேனியா பிரிந்த அந்த வழியில் பத்து நாள் போரும் அறுபதுக்கு மேற்பட்ட சாவுகளும் இருந்ததைச் சொந்த அணியினரே சங்கடத்தோடு நினைவூட்ட வேண்டியதாயிற்று. அதோடு, 1990இல் ஸ்லோவேனியாவின் மொத்த வாக்காளர்களில் சுமார் 88 சதவீதம் பேர் விடுதலையை ஆதரித்து வாக்களித்திருந்தார்கள். கட்டலோனியாவின் 2017 வாக்கெடுப்பில், காவல்துறையின் தடியடிக்கு நடுவே, வாக்களிக்க வந்தவர்களே சுமார் 43 சதவீதம்தான்.