வேர்த்திருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லையா?

கேள்வி: என் மகன் லீவில் ஃபுட்பால் கேம்புக்குப் போகிறான். மத்தியானம் 3 மணிக்கே கிரவுண்டில் இறக்கிவிடுகிறார்கள். போன வாரம் கூட விளையாடும் பையன் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி விழுந்துவிட்டான். உடம்பெல்லாம் வேர்வை, அதனால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை, வெறும் மயக்கம்தான் என்றார்கள். சரிதானா டாக்டர்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சரியில்லை அம்மா. ஹீட் ஸ்ட்ரோக்கில் தோல் காய்ந்து கிடப்பது பெரும்பாலும் வெயில் தாங்காத முதியவர்களிடம். ஓடி விளையாடுகிற பையனுக்கு வேர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிவிடும். நெற்றியிலும் கக்கத்திலும் வைக்கும் தெர்மாமீட்டர் அப்போது குறைத்தே காட்டும், அதை நம்ப வேண்டாம். ஸ்கோர் கேட்டால் உளறுகிறான், காரணமில்லாமல் கோபப்படுகிறான், கால் பின்னுகிறது என்றால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மற்றவர்கள் அவனை நிழலுக்குத் தூக்கி, ஜெர்சி, ஷின்பேட் எல்லாம் கழற்றி, பெரிய அண்டாவிலோ டிரம்மிலோ ஐஸ் போட்ட தண்ணீரில் கழுத்துவரை இறக்கி, தலை முங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். அண்டா இல்லையா, ஹோஸ் பைப்பால் விடாமல் நனைத்து விசிறுங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முதல் அரைமணி நேரத்துக்குள் சூடு இறங்கினால்தான் மூளையும் கிட்னியும் தப்பும். நினைவு தெளிவாக இல்லாதபோது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை. விழுந்த அந்தப் பையன் எழுந்து நடமாடினாலும் ரத்தப் பரிசோதனை செய்யாமல், டாக்டர் சரி என்று சொல்லாமல் கிரவுண்டுக்குத் திரும்பக் கூடாது. அவன் வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நேரம். 2024 ஏப்ரலில் உங்கள் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது, அந்த ஊர் வெயிலில் 3 மணிப் பயிற்சி எனக்குப் புரியவே இல்லை. வட கேரளத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் மலபார் செவன்ஸ் ஃபுட்பால் ஆட்டங்களே ராத்திரி லைட் போட்டுத்தானே நடக்கின்றன? 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து–மெக்சிகோ ஆட்டத்தையே தண்ணீர் குடிக்க நடுவில் நிறுத்தினார்கள். லீவு முழுக்க ஃபேனுக்கடியில் போனோடு கிடந்த பையனின் உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும், முதல் வாரம் பாதி நேரம் போதும். இடையிடையே தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் கொடுக்கட்டும். காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்குப் பிறகோ மாற்றச் சொல்லி, நாலு பெற்றோராகச் சேர்ந்து போய் கோச்சிடம் பேசுங்கள், ஒருத்தராகப் போனால் தட்டிக்கழிப்பார்கள். அண்டாவும் ஐஸும் கிரவுண்டில் இருக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள்.