வீட்டுப் பூனை ரொம்பக் குண்டாகிவிட்டது. இரண்டு நாள் பட்டினி போட்டால் இளைக்குமா?

பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து, மஞ்சள் காமாலை கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாங்கள் பாம்பன். எங்கள் கடுவனுக்கு முரல் என்று பெயர். குட்டியில் அந்த மீன் மாதிரியே ஒல்லியாக, நீளமாக இருந்தான். போன வருடம் பேத்தை மீன் ஊதின மாதிரி ஆகிவிட்டான். மீன் தின்று கொழுத்துவிட்டான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவன் பெருத்தது மீன் இல்லாத நாளில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும். அவனுக்கென்று உலர் தீவனப் பாக்கெட் வாங்கி, தீரத் தீரக் கிண்ணத்தை நிரப்பினோம். அதற்கு முந்தின மாதம்தான் கருத்தடை செய்திருந்தோம். கருத்தடை ஆன பூனைக்குப் பசி கூடும், உடம்புக்கு வேண்டிய தீனியோ குறையும். அப்புறம் மீன் வரத்து வந்தது. கிண்ணத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் 6.8 கிலோ. தடவினால் விலா எலும்பு தட்டுப்படவில்லை, மேலிருந்து பார்த்தால் இடுப்பே இல்லை. கால்நடை மருத்துவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 5 கிலோவை இலக்காக வைத்து ஒரு நாளைக்கு 190 கலோரிக்குள் கொடுக்கச் சொன்னார். எங்கள் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று போட்டிருந்தது. ஆக 45 கிராம் தீவனம், கூட அவித்த மீன் சின்னத் துண்டு ஒன்று. நிறுத்துப் பார்த்தால் 45 கிராம் ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது! அதை நான்கு வேளையாகப் பிரித்து வைத்தோம்.

மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் குறையவில்லை. விசாரித்தால், அப்பத்தா மத்தியானம் பால்சோறு வைக்கிறார். பக்கத்து வீட்டு மதினி மீன் வியாபாரம். "பசியில கத்துது, பாவம்" என்று காரல் மீனும் சூடை மீனும் போடுகிறார். சண்டை போட்டுப் பயனில்லை. மதினியிடமே போய், "உங்க தராசுல வாரா வாரம் இவனை நிறுத்துச் சொல்லுங்க" என்றேன். வீட்டில் நாம் ஏறி நிற்கிற மெஷினில் 50 கிராம் வித்தியாசம் தெரியாது, மீன் தராசில் தெரியும். கூடையில் உட்காரவைத்து நிறுப்பார். 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பார்க்கிற கை அது. இரண்டாவது வாரமே, "யாருடா இவனுக்குத் தீனி போட்டது?" என்று தெருவையே அதட்ட ஆரம்பித்துவிட்டார். அப்பத்தாவுக்கு, அன்றைய 45 கிராமிலிருந்தே கொஞ்சம் எடுத்து ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டோம். கொடுக்கிற சந்தோஷம் அவருக்கும் வேண்டும் இல்லையா?

அதற்குப் பிறகு வாரத்துக்கு 50 கிராம் போல இறங்கியது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று வீதம் குறைந்தால் போதும், இரண்டுக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. பச்சை மீனே தினமும் போடாதீர்கள். சில மீன்களில் உள்ள ஒரு பொருள் தயமின் என்கிற வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும், அவித்தால் அந்தக் கேடு போய்விடும். கருவாடு உப்பு, வேண்டவே வேண்டாம். விளையாட்டு காட்ட ஒரு குச்சியில் துணிக்கயிறு கட்டி, சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நரம்பு மட்டும் கூடாது, விழுங்கினால் குடலை அறுக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை 5.4 கிலோ. மதில் மேல் ஏறத் தொடங்கிவிட்டான். அடுத்த வாரம் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகின்றன. மதினியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.