நேற்று அனுப்பியிருக்கிறோம் என்றால் என்ன தப்பு, டீச்சர்?

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 24. தக்கலைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு முந்திரிப்பருப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) கொட்டை உடைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். பழைய முதலாளி கொல்லத்திலிருந்து மலையாளத்தில் பேசுவார், சிரமமே இருக்காது. இப்போது பொறுப்புக்கு வந்திருக்கும் அவர் மகனுக்கு எல்லாமே இங்கிலீஷ்தான். போனில் பாதி புரியாது. "யெஸ் சார், யெஸ் சார்" என்று வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டு அண்ணனிடம் போய் நிற்பேன். போன வாரம் சரக்கு வாங்குபவருக்கு நான் எழுதிய மெயிலை "மூன்று வரியில் மூன்று தப்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. அதைக் கீழே எழுதியிருக்கிறேன். நாகர்கோவிலில் 30 நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு எட்டாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா? நான் இங்கிலீஷ் பேசினால் நம்ம ஊர் இழுவை வருகிறது என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள். மெயிலில் 'ரெஸ்பெக்டட் சார்' போடணுமா, 'டியர் சார்' போடணுமா?

– பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: மக்கா, அந்த எட்டாயிரத்தை இப்போதைக்குப் பத்திரமாக வை. முதலில் உன் மெயிலைப் பார்ப்போம்.

"ரெஸ்பெக்டட் சார், வீ ஹேவ் டிஸ்பேட்ச்ட் த கூட்ஸ் யெஸ்டர்டே. வீ டிட் நாட் ரிசீவ்ட் த பேலன்ஸ் பேமென்ட். கைண்ட்லி டெல் வென் வில் யூ செண்ட் அண்ட் டூ த நீட்ஃபுல்."

சின்ன முதலாளி எண்ணிய மூன்றும் இருக்கின்றன. எது என்று சொல்லாமல் திருப்பி அனுப்பினால் ஒரு பிள்ளை எப்படித் திருத்திக்கொள்ளும் என்று அவர் யோசித்திருக்கலாம். போகட்டும்.

முதல் வரி. 'நேற்று அனுப்பியிருக்கிறோம்' என்பது தமிழில் யாரும் குறை சொல்ல முடியாத வாக்கியம். ஆங்கிலத்தில் சிக்கல், அந்த 'ஹேவ்'. அதைப் போட்டதுமே பேச்சு இன்றைய நிலவரத்தைப் பற்றியதாகிவிடுகிறது. முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ எதுவும் அதோடு சேராது. எப்போது அனுப்பினோம் என்று சொல்ல வேண்டுமா? 'வீ டிஸ்பேட்ச்ட் த கூட்ஸ் யெஸ்டர்டே'. நாள் முக்கியமில்லை, சரக்கு கிளம்பிவிட்டது என்பதுதான் சேதியா? 'வீ ஹேவ் டிஸ்பேட்ச்ட் த கூட்ஸ்'. இரண்டில் ஒன்று. 'டுடே', 'திஸ் வீக்' இன்னும் முடியாத நேரங்கள் என்பதால் அவற்றோடு ஹேவ் வரலாம். மெயிலை அனுப்புமுன் ஹேவ் உள்ள வரியில் யெஸ்டர்டே ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பார்.

இரண்டாவது, 'டிட் நாட் ரிசீவ்ட்'. இங்கே இலக்கணப் புத்தகத்தைத் தேடாதே, உன் தமிழையே கேள். பணம் வந்தது, வருகிறது, வரும் என்கிறோம். இல்லை என்று சொல்லும்போது? 'வரவில்லை'. 'வந்தவில்லை' என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. இல்லை என்று ஒட்டியதும் வினைச்சொல் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'வர' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். பின்னால் வருவது வெறும் 'ரிசீவ்', வெறும் 'செண்ட்', வெறும் 'கோ'. கேள்விக்கும் இதுதான்: 'டிட் யூ ரிசீவ்?' எத்தனையோ பட்டதாரிகள், மேனேஜர்கள்கூட இதில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவளுக்கு இது வெகு சுலபமாகப் பிடிபட வேண்டும்.

மூன்றாவது, கேள்விக்குள் கேள்வி. நேரடியாகக் கேட்டால் 'வென் வில் யூ செண்ட் இட்?' சரி. அதையே 'சொல்லுங்கள்', 'தெரியப்படுத்துங்கள்' என்பவற்றின் பின்னால் சேர்த்தால் வரிசை நேராகிவிடும்: 'ப்ளீஸ் லெட் மீ நோ வென் யூ வில் செண்ட் இட்'. 'டூ யூ நோ வேர் ஈஸ் த ஃபைல்' என்று தினமும் காதில் விழும். 'வேர் த ஃபைல் ஈஸ்' என்பதே முறை.

அவர் எண்ணாமல் விட்ட நாலாவது ஒன்று உண்டு, 'டூ த நீட்ஃபுல்'. கலெக்டர் ஆபீஸ் மனுவில் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டில் இருக்கும் ஆளுக்கோ என்ன செய்ய வேண்டும் என்றே விளங்காது. பணம் வேண்டுமென்றால் பணம் என்று எழுது, எந்த பேப்பர் வேண்டுமோ அதன் பெயரை எழுது. 'கைண்ட்லி'யும் நீ நினைக்கிற அளவு பணிவைத் தராது. 'அனுப்புங்கள்' என்பதில் இருக்கும் 'ங்கள்' ஆங்கில வினைச்சொல்லில் கிடையாது. அந்த மரியாதையை 'குட் யூ ப்ளீஸ்' என்று கேள்வியாக மாற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

இனி உன் மெயிலைத் திருத்தி எழுதுகிறேன்:

"டியர் மிஸ்டர் (அவர் பெயர்), வீ டிஸ்பேட்ச்ட் 700 கார்ட்டன்ஸ் ஆஃப் டபிள்யூ 320 யெஸ்டர்டே. வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேலன்ஸ் பேமென்ட் யெட். குட் யூ ப்ளீஸ் லெட் அஸ் நோ வென் யூ வில் செண்ட் இட்?"

எண்ணும், டபிள்யூ 320 என்ற பருப்புக் கிரேடும் நானாகப் போட்டவை. நீ உன் இன்வாய்ஸைப் பார்த்துப் போடு. 'கூட்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டாம் வரியில் ஹேவ் திரும்ப வந்திருக்கிறதே என்று திகைக்காதே. இன்றுவரை பணம் வரவில்லை என்பது இன்றைய நிலவரம்தானே, அங்கே ஹேவ் இருக்கலாம். 'ஹேவ்' வந்தால் 'ரிசீவ்ட்', 'டிட்' வந்தால் 'ரிசீவ்'.

'ஏ', 'த' என்ற ஆர்ட்டிகிள்களுக்காக இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் படியப் படியத்தான் வரும். 'த பையர் வான்ட்ஸ்' என்பதில் அந்த 'ஸ்' விட்டுப்போவதும் அசிங்கம்தானே தவிர ஆபத்தில்லை.

ஆபத்து வேறு இடத்தில். 'வீ வில் செண்ட் த டாக்குமென்ட்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமைவரை அனுப்பிக்கொண்டே இருப்போம் என்றாகும். வெள்ளிக்குள் என்பதற்கு 'பை ஃப்ரைடே'. தேதி அதைவிட மோசம். 05/06 என்று போட்டால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காக்காரருக்கு அது மே 6. மாதத்தை எழுத்தில் எழுது. கப்பல் தேதியில் ஒரு மாதம் பிசகினால் எந்த இலக்கணமும் காப்பாற்றாது.

போன் விஷயத்தில்தான் உன்மேல் எனக்குக் கோபம். இங்கிலீஷ் வராதது குற்றமில்லை, புரியாமல் 'யெஸ் சார்' சொல்வது குற்றம். அவர் சொன்னது சிக்ஸ்டீனா சிக்ஸ்டியா? 50 பவுண்டு பெட்டியில் 16 எங்கே, 60 எங்கே! புரியாவிட்டால் 'சாரி சார், ஐ டிட்ன்ட் கெட் த லாஸ்ட் பார்ட்' என்று சொல். எந்த இடம் புரியவில்லை என்று குறிப்பாகச் சொன்னால் அவர் அதை மட்டும் திருப்பிச் சொல்வார், 'வாட் சார்?' என்றால் முதலிலிருந்து அதே வேகத்தில் ஆரம்பிப்பார். எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்: 'ஒன் சிக்ஸ், சிக்ஸ்டீன் கார்ட்டன்ஸ், கரெக்ட் சார்?' வைக்குமுன் 'லெட் மீ ரிபீட்' என்று கேட்டதை இரண்டு வரியில் ஒப்பித்துவிடு. அப்படியும் சிக்கினால் மலையாளத்தில் கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. கொல்லத்துக்காரருக்கு மலையாளம் மறந்தா போயிருக்கும்? விஷயத்தைத் தெளிவாக வாங்கிக்கொண்டு, அன்றே 'அஸ் வீ டிஸ்கஸ்ட் டுடே' என்று தொடங்கி ஆங்கிலத்தில் ஒரு மெயில் போடு. 'டிஸ்கஸ்ட் அபௌட்' வேண்டாம், 'டிஸ்கஸ்'ஸுக்கு அந்த 'அபௌட்' தேவையில்லை. தப்பாகப் புரிந்திருந்தாலும் அந்த மெயிலைப் பார்த்து அவரே திருத்திவிடுவார்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு பழங்கதை. 1806-இல் மயிலாடிக்கு வந்து சபையும் பள்ளிக்கூடங்களும் தொடங்கினாரே பாதிரியார் ரிங்கல்தௌபே, அவர் பிரஷ்யாக்காரர், அதாவது ஜெர்மன் பேசுகிறவர். லண்டன் மிஷன் ஊழியராக வந்தவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர் பேச்சிலும் அவர் ஊர் இழுவை இல்லாமலா இருந்திருக்கும்? கொல்லத்து ஆங்கிலத்தில் கொல்லம் இருக்கும், உன் ஆங்கிலத்தில் தக்கலை இருக்கும். மாற்ற வேண்டியது வேகத்தை மட்டும்தான். நம் பக்கத்துத் தமிழே ஓட்டமும் நடையுமானது, அந்த ஓட்டத்தில் ஆங்கிலம் பேசினால் சொல்லின் கடைசி எழுத்து விழுந்துவிடும். 'டிஸ்பேட்ச்' என்று அவர் காதில் விழுந்தால் இனிமேல்தான் அனுப்பப் போகிறாய் என்று நினைப்பார். அந்த 'ட்' கேட்கட்டும்.

இப்போது வகுப்பு. சேரும் முன் ஒரு கேள்வி கேள்: "நான் ஆபீஸில் எழுதிய மெயில்களைக் கொண்டுவந்தால் திருத்தித் தருவீர்களா?" ஆம் என்றால் யோசிக்கலாம். எல்லோருக்கும் ஒரே நோட்ஸைக் கொடுத்து 'மை செல்ஃப்' பேச வைக்கிற இடமென்றால் வேண்டாம். அதுவரை பழைய ஏற்றுமதி ஃபைல்களை எடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல மெயில்களில் உனக்கு வேண்டிய வரிகளை ஒரு நோட்டில் எழுது. விசாரிக்க, நினைவூட்ட, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க, விலை சொல்ல என்று உன் சீட்டுக்கு வேண்டிய வாக்கியங்கள் நாற்பது ஐம்பதுக்குமேல் இருக்காது. கேட்டுப் பழக பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இணையத்தில் இலவசம். பல நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவமும் உண்டு. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு கேட்டுவிடலாம்.

'ரெஸ்பெக்டட் சார்' நம் ஊர் ஹெட்மாஸ்டருக்கும் தாசில்தாருக்கும். வெளிநாட்டு மெயிலில் 'டியர்' போடு, கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. பெயர் தெரிந்தால் 'டியர் மிஸ்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயர். பெண்ணாக இருந்தால் எம், எஸ் என்ற இரண்டெழுத்துப் போதும். கல்யாணம் ஆனவரா என்று விசாரிக்க வேண்டாம். ஆணா பெண்ணா என்றே தெரியாவிட்டால் முழுப்பெயரையும் அப்படியே எழுதிவிடு.