நட்சத்திர ஃபார்வர்டை ட்ரேட் செய்வது சரியா? கெவின் கார்னெட்டின் இரண்டு கைமாற்றங்கள்

கேள்வி: என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி ஒன்று, நல்ல ஃபார்வர்ட் (முன்கள ஆட்டக்காரர்) இருந்தும் தேறவில்லை என்றால், அவரை ட்ரேட் செய்து (வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஏதாவது வாங்கி) புதிதாகத் தொடங்குவது புத்திசாலித்தனமா?

2007ல் நான் மினியாபோலிஸில் வேலை பார்த்தேன். அந்த வருடம் ஆபீஸ் கேன்டீனில் தினமும் இதே பஞ்சாயத்துதான்: எங்கள் ஊர் அணியான மினசோட்டாவின் நட்சத்திரம் கெவின் கார்னெட்டை அனுப்பலாமா, கூடாதா? நான் "கூடவே கூடாது" கட்சி. இப்போது யோசித்தால், அனுப்பியதில் தப்பில்லை. அனுப்பிய நேரமும் கேட்ட விலையும்தான் தப்பு.

2003-04ல் கார்னெட் எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். மினசோட்டா 58 ஆட்டங்களை வென்று, மேற்குப் பிரிவு இறுதி வரை போய் லேக்கர்ஸிடம் தோற்றது. அதற்கு முன் தொடர்ந்து ஏழு வருடம் பிளேஆஃபின் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றோடு மூட்டை கட்டிய அணி அது. அடுத்த மூன்று சீசன்களில் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரருடன் ரகசிய ஒப்பந்தம் போட்டு மாட்டியதில் முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகளை, அதாவது வருடா வருடம் புது இளம் ஆட்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமையை, லீக் பறித்திருந்தது. (மோசமாக ஆடிய அணிக்குப் பெரும்பாலும் வரிசையில் முன்னிடம்.) அதனால் கார்னெட்டுக்குத் துணையாக இளம் ஆட்களை வளர்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

2007 கோடையில் அவருக்கு வயது 31. அடுத்த கோடையில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளம்பும் உரிமையும் கையில் இருந்தது. இது வாங்க வருகிறவனுக்கும் தெரியும். அவசரத்தில் நிலம் விற்பவனுக்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். பாஸ்டனுக்குப் போக கார்னெட்டுக்கு முதலில் மனமில்லை. டிராஃப்ட் இரவில் இன்னொரு நட்சத்திரமான ரே ஆலனை பாஸ்டன் வாங்கிய பிறகுதான் இறங்கி வந்தார். ஜூலை 31 அன்று ட்ரேட் முடிந்தது. ஒருவருக்குப் பதில் ஐந்து ஆட்டக்காரர்கள், இரண்டு முதல் சுற்று பிக், கொஞ்சம் பணம். கேட்கும்போது வாரிக் கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் களத்தில் ஐந்து பேர்தான் இறங்க முடியும். ஒரு நட்சத்திரத்தின் இடத்தை மூன்று சுமாரான ஆட்கள் சேர்ந்தாலும் நிரப்ப முடியாது. அந்த ஐவரில் தியோ ராட்லிஃப் வந்ததே, ட்ரேடில் இரு பக்கச் சம்பளக் கணக்கையும் சரிக்கட்டத்தான். உருப்படியான ஒரே ஆள் அல் ஜெஃபர்சன், வயது 22. நன்றாகத்தான் ஆடினார், 2009ல் முழங்கால் தசைநார் கிழியும் வரை. 2010ல் அவரையும் யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

24 வெற்றியில் கிடந்த பாஸ்டன் அடுத்த சீசனில் 66 வென்று 2008ல் சாம்பியன் ஆனது. மினசோட்டா வென்றது 22. மறுபடி பிளேஆஃப் பார்க்க 2018 ஆயிற்று. (நடுவில் 2009 டிராஃப்டில் ஐந்தாவது, ஆறாவது இரண்டு இடத்திலும் பாயின்ட் கார்டுகளை (ஆட்டத்தை வழிநடத்தும் ஆட்டக்காரர்கள்) எடுத்தார்கள். ஏழாவதாகப் போனவர், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஸ்டெஃப் கரி. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரியும்.)

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 2013ல் அதே கார்னெட்டை, 37 வயதில், இன்னொரு மூத்த நட்சத்திரமான பால் பியர்ஸோடு சேர்த்து புரூக்ளினுக்கு அனுப்பியது பாஸ்டன். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று புரூக்ளின் நம்பியது. பாஸ்டன் அணி நிர்வாகத் தலைவர் டேனி ஏஞ்ச் ஆட்டக்காரர்களைப் பெரிதாகக் கேட்கவில்லை. 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளை எந்த நிபந்தனையும் இல்லாமல் கேட்டார். 2017ல் தன் பிக்கைக் கொடுத்து புரூக்ளின் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையும் கேட்டார். வயதான அணி சீக்கிரமே படுத்துவிடும், படுத்தால் அதன் பிக் மேலே வரும். ஏஞ்ச் வாங்கியது அந்த வருங்காலத் தோல்விகளைத்தான். அப்படியே நடந்தது. 2016 பிக் மூன்றாவது இடத்தில் விழுந்து ஜெய்லன் பிரவுன் ஆனது. 2017ல் புரூக்ளின் 20 வெற்றியோடு லீக்கிலேயே கடைசி. அந்த மாற்று உரிமையால் கிடைத்த டிராஃப்ட் முதலிடத்தை ஃபிலடெல்ஃபியாவிடம் மூன்றாமிடத்துக்கு மாற்றி, கூடவே இன்னொரு பிக்கும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024ல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அணியின் தூண்கள் அந்த இருவர்தான். எம்விபி வாங்கி மூன்றே வருடமான கார்னெட்டைக் கொடுத்து மினசோட்டாவுக்குக் கிடைக்காததெல்லாம், ஓய்வுக்கு நெருங்கிய கார்னெட்டைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது.

அதற்காக யாரையும் அனுப்பலாம் என்று சொல்லவில்லை. அதே 2007ல் டல்லாஸ் 67 ஆட்டங்களை வென்றுவிட்டு, எட்டாவது இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே கவிழ்ந்தது. தன் நட்சத்திர ஃபார்வர்ட் டர்க் நோவிட்ஸ்கியை அணி விடவில்லை. 2011ல் மயாமியை வீழ்த்தி அவர் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அங்கே சுற்றி ஓர் அணி இருந்தது, செலவு செய்ய முதலாளி இருந்தார், பிக்குகளும் பறிபோகவில்லை. மினசோட்டாவில் கார்னெட்டைத் தவிர என்ன இருந்தது?

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சுற்றி எதுவும் இல்லை, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு மூன்று வருடம் பாக்கி இருக்கிறது என்றால் அனுப்பிவிடலாம். வாங்குகிறவனிடம் கேட்க வேண்டியது அவன் இன்றைய ஆட்களை அல்ல, நான்கு வருடம் கழித்து வரும் பிக்கை. இந்தக் கணக்குப்படி மினசோட்டா 2005லேயே, கார்னெட்டுக்கு 29 வயதானபோதே பேரத்தைத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் ஜனவரிக் குளிரில் மினசோட்டாவின் டார்கெட் சென்டர் அரங்கின் மேல் வரிசையில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்குமுன் கூடைக் கம்பத்து மெத்தையில் அவர் தலையை முட்டிக்கொள்வதைப் பார்த்தவன் நான். கையெழுத்து என் கையில் இருந்திருந்தால், நானும் இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருப்பேன்.