பிளாட்ட வித்து டாக்டர் சீட் வேணாம்ணா, பொண்ணு சிப்பிய பத்தி கேக்குறா

குடியாத்தத்துல லுங்கி தறி போட்டிருக்குற ஒரு அண்ணா, பொண்ண என்ன படிக்க வெக்கலாம்னு கேக்க குடும்பத்தோட என்கிட்ட வந்திருந்தாரு. பொண்ணு பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் வீட்ல இருந்து நீட் எழுதியாச்சு, கவர்மெண்ட் சீட்டுக்கு மார்க் பத்தல. இன்னும் ஒரு வருஷம் கோச்சிங் போடு, இல்ல காட்பாடி பிளாட்ட வித்து மேனேஜ்மெண்ட்ல சேருன்னு பெரியப்பாவும் மாமாவும் விடாம சொல்றாங்களாம். இத சொல்லும்போதே அவரோட சம்சாரம், அந்த அக்கா, அழுதுட்டாங்க. கவலப்படாதீங்கக்கான்னு சொன்னேன், ஆனா அந்த ஒரு வார்த்தையோட விட்டா நான் செய்யுறது தப்பு.

அண்ணா, பிளாட்ட விக்காதீங்க. சிஎம்சி இருக்குற ஊர்ல டாக்டர்னா என்ன மரியாதன்னு எனக்கும் தெரியும், ஆனா வருஷத்துக்கு லட்சக்கணக்குல கட்டி எம்பிபிஎஸ் முடிச்சப்புறம் பிஜிக்கு மறுபடியும் நீட், அப்போ எத விப்பீங்க? எட்டாவது படிக்கிற சின்னவனுக்கும் அந்த ஒரு பிளாட்டுதான் இருக்கு. பேசுற சொந்தக்காரங்க யாரும் ஃபீஸ்ல பத்து ரூபா போடப் போறதில்ல.

பொண்ணுகிட்ட தனியா கேட்டேன், எந்த புக்க யாரும் சொல்லாம நீயா எடுப்பன்னு. கெமிஸ்ட்ரின்னு சொன்னா. பழவேற்காடு டூர் போனப்ப எடுத்த சிப்பி ஓட்ட பேக்லயே வெச்சிருக்கா, இதுக்கு எத்தன வயசுன்னு எப்படி சார் கண்டுபிடிப்பாங்கன்னு கேட்டா. இந்த கேள்விக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, நம்ம பக்கம் யாரும் சொல்றதில்ல.

ஓட்டு மேல தெரியுற வரிய எண்ணி வயசு சொல்லிட முடியாது, ஏன்னா மழத்தண்ணி கலந்து உப்பு குறைஞ்சாலும், முட்ட விடுற சீசன்லயும், யாராவது பிடுங்கி இடம் மாத்தி வெச்சாலும் வளர்ச்சி நின்னு ஒரு வரி விழும். அதனால ரெண்டு ஓடும் சேருற கீல் பகுதிய ரெசின்ல பதிச்சு, வைரம் வெச்ச ரம்பத்தால குறுக்க வெட்டி, பாலிஷ் பண்ணி, பல் டாக்டர் வெச்சிருக்குற மாதிரி சின்ன டிரில்லால வளர்ந்த திசையிலயே புள்ளி புள்ளியா தூள் எடுப்பாங்க, ஒவ்வொண்ணும் ஒரு மில்லிகிராம் கூட இருக்காது. ஓடு கால்சியம் கார்பனேட், பாஸ்பாரிக் ஆசிட்ல போட்டா கார்பன் டை ஆக்சைடு வரும், அத மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ங்கிற, எடைய வெச்சு பிரிச்சு அளக்குற மெஷின்ல விட்டு ஆக்சிஜன் 18க்கும் 16க்கும் (ஒரே ஆக்சிஜனோட கனமான வகையும் லேசான வகையும்) உள்ள விகிதத்த அளப்பாங்க. தண்ணி குளிர்ந்தா ஓட்டுல 18 கூடும், சூடானா குறையும், ஏறி இறங்குற ஒரு சுத்து ஒரு வருஷம். ரெண்டு சுத்துக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்தா அந்த வருஷம் எவ்வளவு வளர்ந்துச்சுன்னும் தெரிஞ்சிடும். அமெரிக்க கெமிஸ்ட்ரி விஞ்ஞானி ஹெரால்டு யூரே குழு 1951லயே ஜுராசிக் காலத்து பெலம்னைட்ங்கிற, கணவா மாதிரி அழிஞ்சு போன கடல் உயிரோட புதைபடிவத்துல இத செஞ்சு, அது மூணு கோடையும் நாலு குளிர்காலமும் பாத்து, ஏறக்குறைய நாலு வயசுல வசந்தத்துல செத்துச்சுன்னு சொன்னாங்க!

நம்ம கடலோரத்துல இது இன்னும் கஷ்டம், அதனாலதான் எனக்கு இது மேல இவ்வளவு ஆச. பழவேற்காடு மாதிரி ஏரியில வடகிழக்குப் பருவமழ நன்னீர் கலந்தாலும் 18 குறையும், வெயில்னாலயா மழையாலயான்னு ஓட்ட மட்டும் பாத்து சொல்ல முடியாது. அந்தந்த மாச தண்ணியோட உப்பு, சூடு எல்லாம் அளந்து வெச்சிருக்கணும், ஓட்டுல உள்ள மெக்னீசியம் கால்சியம் விகிதத்தையும் சேர்த்துப் பாக்கணும். சிப்பி விக்கிற சைஸுக்கு வர எத்தன மாசம் ஆகுதுங்கிறது சிப்பிப் பண்ணை வெக்கிறவங்களுக்கு நேரடியா காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

வழி இதுதான். வேலூர் முத்துரங்கம் கவர்மெண்ட் காலேஜ்ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, ஃபீஸ் உங்களால கட்டக்கூடியது, பொண்ணு வீட்ல இருந்தே பஸ்ல போகலாம். அப்புறம் பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு, கெமிஸ்ட்ரி படிச்சவங்கள எந்த கோர்ஸ்ல எடுக்குறாங்கன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கங்க, இல்லன்னா ஜாம்ங்கிற எம்எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில எம்எஸ்சி. அப்புறம் நெட் பரிட்சையில ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொக வாங்கிட்டா மாசம் 37,000 ஸ்டைபண்டோட பிஎச்டி, 2023ல ஏத்துன தொகை அது. முதல்ல இருந்தே மீன்வளம்தான் வேணும்னா தூத்துக்குடியிலயும் பொன்னேரியிலயும் நாலு வருஷ பிஎஃப்எஸ்சி (மீன்வள டிகிரி) இருக்கு, நீட் வேணாம், பிளஸ் டூ மார்க் போதும்.

சிப்பி ஆராய்ச்சியில போஸ்ட் கம்மி, பிஎச்டி முடிய வருஷம் பிடிக்கும், இத மறைச்சு நான் யாரையும் சேத்து விட மாட்டேன். ஆனா ஓட்டுல மெக்னீசியம் அளக்குற ஐசிபிங்கிற, உலோகங்கள அளக்குற மெஷின்லதான் ராணிப்பேட்டை தண்ணியில குரோமியமும் அளக்கலாம், தோல்லயும் மருந்துலயும் ஹெவி மெட்டல் டெஸ்டும் பண்ணலாம், அந்த வேல ஆம்பூர்லயும் ராணிப்பேட்டையிலயும் சென்னையிலயும் இருக்கு.

கவர்மெண்ட் காலேஜ் அப்ளிகேஷனும் மீன்வளப் பல்கலைக்கழக அப்ளிகேஷனும் தனித்தனி, ரெண்டையும் போடுங்க. எது முதல் சாய்ஸ்னு பொண்ணு சொல்லட்டும், பெரியப்பா வேணாம்ணா.