அந்த நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்

சென்ற சனிக்கிழமை பெங்களூரு அல்சூரிலிருந்து கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு, மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு நீங்கள் என்னிடம் வந்திருந்தபோது, பேச்சின் பெரும்பகுதி ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி சொன்னதைச் சுற்றியே ஓடியது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான இரண்டாம் பி.யு.சி.யில் 71 விழுக்காடு வாங்கிய பெண்ணுக்கு சி.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வின் தரவரிசையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. ஆகவே ஆம்பூர் வீட்டை அடமானம் வைத்து, 15 லட்சம் கொடுத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. உங்கள் பதற்றத்தைப் பார்த்து அன்று நானும் ஆறுதலாகவே பேசி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று பிறகு உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போன பத்து நிமிடத்தில் உங்கள் மகள் தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். ஞாயிறு காலைகளில் கௌதமபுரத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட 22 பிள்ளைகளுக்கு அவள் கால்பந்து சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள் என்பது தெரியுமா? முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான், தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தானா, ஷூ கயிற்றைத் தானே கட்டினானா, தோற்றபின் எதிரணிக்குக் கைகொடுத்தானா என்றெல்லாம் எழுதியிருக்கிறாள். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்ற கணக்கு எங்குமே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அத அவங்களே எண்ணிக்குவாங்க சார்" என்றாள்.

கோல் கணக்கை விடப் பழக்கமே முக்கியம் என்பதைப் பதினேழு வயதில் தானாகக் கண்டுகொண்ட பெண்ணை, விருப்பமில்லாத படிப்பில் கடன் வாங்கி உட்கார வைப்பதற்கு நான் உடன்பட முடியாது. பொறியியல், பி.காம்., பி.சி.ஏ. பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன். சொந்தக்காரர்கள் கணக்கில் எடுக்காத ஒன்றைப் பற்றி மட்டும் பேசலாம்: சிறு வயது விளையாட்டுப் பயிற்சியாளர் என்ற தொழில்.

நம்மிடையே இந்த வேலைக்கு மரியாதை குறைவு. பி.டி. மாஸ்டர் என்றால் விசில் ஊதுகிறவர், பி.டி. பீரியடு என்றால் கணக்கு ஆசிரியர் பாடத்தை முடிக்கக் கேட்டு வாங்கிக்கொள்ளும் நேரம் என்று பழகிவிட்டோம். (நானும் அப்படித்தான் பள்ளியை முடித்தேன்; அதன் பலனை என் முழங்கால்கள் இன்று அனுபவிக்கின்றன.) உண்மையில் பத்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சியளிப்பது தேசிய அணிக்குப் பயிற்சியளிப்பதன் சிறிய வடிவம் அன்று. அதன் பெரும்பகுதி பழக்கங்களைப் படியவைக்கும் வேலை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்வயதில் எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016 இல் பரிந்துரைத்தது. நம் பெங்களூருப் பிள்ளைகளோ ஒன்பது மணிக்கு டியூஷன் முடித்து, மறுநாள் ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிறார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, அதாவது பத்து வயதென்றால் பத்து மணி நேரம் என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு வரம்பு சொல்கிறார்கள். இதைப் பெற்றோரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர் பயிற்சியாளர் ஒருவர்தான்.

பந்தைத் தொடுவதற்கு முன் செய்யும் உடற்பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஃபிஃபா 11+ கிட்ஸ் என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது, விழும்போது உருண்டு விழுவது என்று ஏழே பயிற்சிகள். நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 4,000 பிள்ளைகளிடம் நடத்தி 2018 இல் வெளியான ஆய்வில், இதைத் தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. அலுக்காமல் வாராவாரம் அதைச் செய்ய வைப்பதுதான் பயிற்சியாளரின் திறமை. நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கே அது வரும்.

நேர்மையும் ஒரு பழக்கம்தான். வயதைக் குறைத்துக் காட்டிச் சிறுவர் போட்டிகளில் இறக்கிவிடும் வழக்கத்தை, நம் ஊர்க்காரரான ராகுல் திராவிட் 2015 இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் கடுமையாகக் கண்டித்தார். திருத்திய பிறப்புச் சான்றிதழோடு ஓர் அப்பா வந்து நிற்கும்போது முடியாது என்று சொல்லும் துணிவு பயிற்சியாளருக்கு வேண்டும். பிள்ளையை அடிக்கக் கூடாது, பூட்டிய அறையில் தனியே வைத்துப் பேசக் கூடாது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பனவும் இந்தத் தொழிலின் பாடங்களே. இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பருவம் அடைந்ததும் எத்தனையோ பெண்பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். மாதவிடாய் வலியைச் சொல்ல அங்கே ஒரு பெண் இருந்தால் சிலராவது தங்குவார்கள்.

இனி வழியைச் சொல்கிறேன். நகரத்துக்குள் குறைந்த கட்டணக் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டுப் பட்டத்தில் சேரட்டும், பி.பி.இ.எஸ். என்னும் உடற்கல்விப் பட்டம் கிடைத்தால் மேலும் நல்லது. கல்லூரி அணியில் கட்டாயம் ஆட வேண்டும். பதினெட்டு நிறைந்ததும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் என்னும் பயிற்சியாளர் உரிமத்துக்கான பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் சி, பி, ஏ, புரோ என்று படிகள் உண்டு, அடுத்த படிக்குப் போகுமுன் களத்தில் வேலை பார்த்த அனுபவத்தைக் கேட்பார்கள். பட்டம் முடித்தபின் பி.பி.எட். என்னும் இரண்டாண்டு உடற்கல்வி ஆசிரியர் படிப்பைப் படித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகலாம். சென்னையில் 1920 இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. குவாலியரில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் இருக்கிறது. பள்ளி வேலை காலை எட்டு முதல் மூன்றரை வரை. மாலையும் ஞாயிறும் பயிற்சிக்கு. இந்த இரண்டையும் சேர்த்தே அவளுடைய வருமானத்தைக் கணக்கிட வேண்டும்.

முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வருமானம் மெலிந்துதான் இருக்கும். ஸ்கூட்டரில் ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டியிருக்கும். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடன் இல்லாமல் மெலிந்திருப்பது வேறு, வீட்டை அடமானம் வைத்துவிட்டு, பிடிக்காத பாடத்தில் அரியர் எழுதிக்கொண்டிருப்பது வேறு. உங்கள் தம்பி அக்கறையோடு சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும் வட்டி கட்டப்போவது அவரில்லை.

மகளிடமும் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறேன்: கன்னடம் எழுதப் படிக்கச் சரளமாக வர வேண்டும், முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழை இந்த ஆண்டுக்குள் வாங்க வேண்டும். சரி என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு நீங்களும் தம்பியும் கௌதமபுரம் மைதானத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். அவளுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பிறகு என்னிடம் வாருங்கள். அதுவரை அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.