பிலிப்பைன்ஸ் சினிமாவில் காதலும் காமமும்: எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: "காமம், காதல், சிக்கலான உறவுகள் பற்றிய நல்ல பிலிப்பைன்ஸ் படங்கள் எவை? தேடினால் ஓடிடி கவர்ச்சிப் படங்களாகவே வந்து கொட்டுகின்றன."

கொட்டத்தான் செய்யும். விவாமேக்ஸ் என்ற தளம் 2021-ல் தொடங்கியது. அதற்கென்றே அடுத்தடுத்து படம் எடுத்துத் தள்ளினார்கள். அவற்றில் சிலவற்றைப் பார்த்தேன், யாருக்கும் சிபாரிசு செய்யுமளவுக்கு ஒன்றும் இல்லை. அதையெல்லாம் தாண்டிப் போனால், ஆசையைப் பற்றி ஆசியாவிலேயே துணிச்சலாகப் பேசிய சினிமாக்களில் ஒன்று அங்கே இருக்கிறது. குறிப்பாக 1975-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட படங்கள்.

படங்களுக்குப் போகுமுன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. பிலிப்பைன்ஸில் விவாகரத்து கிடையாது. வாட்டிகனை விட்டால் உலகிலேயே அந்த ஒரு நாட்டில்தான் இப்படி. அமெரிக்க ஆட்சிக் காலத்தில், 1917-லிருந்து, ஓரளவுக்கு இருந்தது. 1950-ல் வந்த சிவில் சட்டம் அதை எடுத்துவிட்டது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977-லிருந்து தனிச் சட்டம் உண்டு. மற்றவர்கள், "இந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது" என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் அலைச்சல், கையில் காசும் வேண்டும். 2024 மே மாதம் கீழவை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் அது அப்படியே நின்றுபோனது.

இன்னொன்றும் உண்டு. மனைவி வேறொருவனோடு ஒருமுறை இருந்தாலே அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கணவன் மேல் வழக்குப் போட அது போதாது: அந்தப் பெண்ணை மனைவி இருக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், அல்லது ஊர் முகம் சுளிக்கும்படி நடந்திருக்க வேண்டும், அல்லது வேறு இடத்தில் சேர்ந்து குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தப் படங்களில் யாரும் யாரையும் ஏன் சுலபமாகப் பிரிவதில்லை என்பது புரியும். பிரிவதற்குக் கதவே இல்லை. அதனால் ஆட்கள் ஒரே வீட்டுக்குள் கிடந்து புழுங்குகிறார்கள், சின்ன வீடு வைக்கிறார்கள், வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள், அல்லது கத்தியை எடுக்கிறார்கள். என் கணக்கில் பிலிப்பைன்ஸ் காதல் படங்களுக்கு இந்த நாலு வழிதான்.

சின்ன வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். இஷ்மாயில் பெர்னால் இயக்கிய 'ரெலாசியோன்' (1982). கல்யாணமான எமிலோடு வாழ்கிறாள் மரிலூ. வழக்கமான படமாக இருந்தால் அவள் குடும்பத்தைக் கெடுக்க வந்தவளாக இருப்பாள், அல்லது தியாகத் திருவுருவமாக இருப்பாள். பெர்னால் இரண்டும் செய்யவில்லை. மனைவி செய்யும் வேலை அத்தனையும் இவள் தலையில் விழுகிறது: சமைக்கிறாள், துவைக்கிறாள், காத்திருக்கிறாள், குழந்தையும் பெறுகிறாள். மனைவி என்ற பெயர் மட்டும் கிடையாது. அவனோ நாளடைவில் சட்டப்படி கட்டிக்கொண்ட கணவனைவிட மெத்தனமாகிவிடுகிறான். பிறகு ஒருநாள் எதிர்பாராமல் அவள் வீட்டிலேயே செத்துப்போகிறான். அந்தக் காட்சியில் வில்மா சாந்தோஸ் நடித்திருப்பதைப் பார்த்தால், அந்த ஆண்டின் நான்கு முக்கிய நடிகை விருதுகளும் அவருக்கே ஏன் போயின என்று தெரியும். சட்டப்படி மரிலூ அந்த உடலுக்கு யாருமில்லை. (வில்மா பின்னாளில் அரசியலுக்குப் போய் பத்தாங்காஸ் மாகாண ஆளுநர் ஆனார். நடிகர்கள் ஆள வருவது அங்கேயும் சகஜம்.)

பெர்னாலின் 'மணிலா பை நைட்' (1980) படத்தையும் தேடிப் பாருங்கள். இரவு நேர நகரத்தில் பல ஜோடிகள், பல பொய்கள். படத்தில் 'மணிலா' என்ற பெயரே வரக்கூடாது என்று தணிக்கையில் பிடிவாதம் பிடித்ததால், 'சிட்டி ஆஃப்டர் டார்க்' என்று பெயர் மாற்றித்தான் திரைக்கு வந்தது.

அடுத்து வீட்டுக்குள் புழுங்கும் கதை. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த, ஆனால் திரும்பப் பார்க்கத் தயங்கும் படம்: மைக் டி லியோனின் 'கிசப்மாத்தா' (1981). மணிலாவை ஒட்டிய மக்காத்தியில் 1961-ல் உண்மையில் நடந்த ஒரு குடும்பக் கொலையைப் பற்றி நிக் ஹோவாக்கின் எழுதிய செய்திக் கட்டுரைதான் மூலம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தாதோங். மகள் மிலா கர்ப்பமாகிவிட, காதலன் நோயலுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய கட்டாயம். சம்மதிக்கிறார், ஆனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரிய தொகை கேட்கிறார். கல்யாணம் முடிந்தபின் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்கிறார். சரி, இங்கேயே தங்குவோம் என்றால், அதற்கும் ஏதாவது காரணம் சொல்லிப் புதுமணத் தம்பதியைத் தனியாக இருக்கவே விடுவதில்லை. இரவானால் வாசல் கேட்டைப் பூட்டிவிடுகிறார்.

முதல் அரைமணி நேரம் நமக்குச் சிரிப்புக்கூட வரும், கறார் மாமனார் நகைச்சுவை என்று நினைத்து. அப்புறம்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது உறைக்கிறது. வாய்விட்டு யாரும் சொல்வதே இல்லை. அம்மாவுக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறாள். சரித்தோ சோலிஸ் நடித்த அந்த அம்மாவின் முகத்தை மறக்க முடியாது. தாதோங்காக வரும் விக் சிலாயான் ஒருமுறைகூடக் கத்த வேண்டியதில்லை என்பது போல மெதுவாகப் பேசுகிறார். நாட்டை ஆண்ட சர்வாதிகாரி மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தை வாபஸ் வாங்கியதாக அறிவித்தது 1981 ஜனவரியில். அதே வருடக் கடைசியில் வந்த படத்தில், பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டைப் பூட்டி வைக்கும் ஒரு அப்பா. அங்கே எல்லோரும் அதை அப்படித்தான் வாசித்தார்கள். அரசியல் தெரியாவிட்டாலும் படம் குறையாது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

லினோ ப்ரோக்காவின் 'இன்சியாங்' (1976) இதற்கு அக்கா போன்ற படம். மணிலாவின் தோந்தோ குடிசைப் பகுதி. முதல் காட்சியே பன்றி அறுக்கும் கூடம். இன்சியாங்கின் அம்மா தோன்யா, தன்னைவிட இளையவனான தாதோவை வீட்டில் வைத்துக்கொள்ள, வந்து ஒண்டியிருந்த புருஷன் வீட்டுச் சொந்தங்களை வெளியே துரத்துகிறாள். வந்தவன் மகளைப் பலாத்காரம் செய்கிறான். அம்மா யார் பக்கம் நின்றாள் என்பதிலிருந்துதான் படமே தொடங்குகிறது. பழிவாங்கும் கதை என்று சுருக்கிவிடலாம். ஆனால் ப்ரோக்கா தோன்யாவை வெறும் அரக்கியாக விடவில்லை: புருஷன் விட்டுப்போன ஒரு பெண்ணுக்கு, வயது ஏறிக்கொண்டிருக்கும்போது, தன்னை ஒருவன் விரும்புகிறான் என்பது எத்தனை பெரிய போதை என்பதைக் காட்டுகிறார். 1978-ல் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிட்டார்கள். கானுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம் அதுதான். 2015-ல் புதுப்பித்த பிரதி வந்தது. அதையே பாருங்கள், பழைய பிரதியில் இருட்டுக் காட்சிகள் ஒன்றும் தெரியாது.

சரி, காமம் பற்றிக் கேட்டீர்கள். பெகே கல்லாகாவின் 'ஸ்கார்பியோ நைட்ஸ்' (1985) அதன் உச்சம். நெருக்கமான ஒரு வாடகைக் கட்டிடம். மாடியில் ஒரு மாணவன், கீழே ஒரு காவலாளியும் மனைவியும். தரைப்பலகையில் ஒரு ஓட்டை. கணவன் இரவில் வேலை முடிந்து வருவான், தூங்குவது போலக் கிடக்கும் மனைவியோடு படுப்பான், பேச்சே கிடையாது. மேலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் கணவன் வருமுன் மாணவன் கீழே இறங்குகிறான், கணவன் செய்வதை அப்படியே செய்கிறான். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆபாசப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும்: தன்னோடு படுத்திருப்பது புருஷனா வேறு ஆளா என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாத அளவுக்கு அந்தத் தாம்பத்தியம் இருக்கிறது. பின்பாதி கொஞ்சம் இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். 2001-ல் கொரியாவிலும் இதை மறுபடி எடுத்தார்கள்.

அந்தப் படம் எப்படித் தப்பித்தது என்பது தனிக் கதை. மார்க்கோஸின் மகள் ஐமி தலைமையில் அரசே ஒரு திரைப்பட அமைப்பை நடத்தியது. அதன் கையிலிருந்த மணிலா ஃபிலிம் சென்டரில் தணிக்கை இல்லாமல் படம் காட்டலாம். 'ஹிமாலா' போன்ற மகத்தான படத்துக்குப் பணம் போட்டதும் அதே அமைப்பு, கவர்ச்சிப் படங்களை வெட்டாமல் ஓட்டிக் கல்லா கட்டியதும் அதேதான். 1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோ கொலைக்குப் பிறகு நாடு கொதித்துக்கொண்டிருந்தது. மக்கள் கவனத்தைத் திருப்பத்தான் இந்தத் தாராளம் என்று பலரும் அப்போதே சொன்னார்கள்.

ஆண்கள் எடுத்த படங்களாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். மரிலூ டியாஸ்-அபாயாவின் 'மோரல்' (1982) படத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள், எழுதியவர் ரிக்கி லீ. நாலு தோழிகள். ஒருத்தி குழந்தை பெற்றுப் பெற்று அலுத்துவிட்டாள். ஒருத்திக்குப் பாட்டு வராது, பாடகியாகியே தீருவேன் என்கிறாள். ஒருத்தி தன்னைக் கண்டுகொள்ளாத போராளியைக் காதலிக்கிறாள். நாலாவது, சில்வியா: அவள் கணவன் அவளை விட்டு ஒரு ஆணோடு வாழப் போய்விட்டான். 1982-ல் இதைப் பெரிய அதிர்ச்சியாக ஆக்காமல், சில்வியா அந்த இரண்டு பேரோடும் மெல்ல மெல்ல நட்பாவதைக் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் இது ஒரு ஆறுதல்.

இத்தனையும் பார்த்தபின் ஜெஃப்ரி ஜெடூரியனின் 'துஹோக்' (2001). இதை முதலில் பார்க்காதீர்கள். கிராமத்தில் ஒரு தாயும் மகளும். இருவரையும் சீரழித்தவர் தாத்தா. சினிமாக்காரர்கள் வந்து இரக்கத்தோடு கதை கேட்கிறார்கள், இவர்களும் சொல்கிறார்கள். பிறகு அது கவர்ச்சிப் படமாக எடுக்கப்பட்டுத் தியேட்டருக்கு வருகிறது, இருவரும் போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உண்மையில் நடந்ததையும் திரையில் வருவதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் இயக்குநர். வலியாக இருந்த ஒவ்வொரு இடமும் திரையில் ஈர உடையும் மெல்லிசையுமாக ஆகிவிடுகிறது. தாயாக வரும் இர்மா அட்லாவான் இருட்டில் திரையைப் பார்க்கும் பார்வை போதும். பிலிப்பைன்ஸ் கவர்ச்சி சினிமாவின் மேல் அந்த ஊர்க்காரரே வைத்த மிகக் கடுமையான விமர்சனம் இதுதான், பார்க்கிற நம்மையும் சேர்த்து.

பிரில்லான்டே மெண்டோசாவின் 'செர்பிஸ்' (2008) எல்லோருக்கும் பிடிக்காது. ஆங்கெலெஸ் நகரில் நீலப்படம் ஓட்டும் ஒரு பாழடைந்த தியேட்டர், பெயர் 'ஃபேமிலி'. அதற்குள்ளேயே ஒரு குடும்பம் வாழ்கிறது. பாட்டி, இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட புருஷன் மேல் இருதார வழக்குப் போட்டு நடத்திக்கொண்டிருக்கிறாள். விவாகரத்து இல்லாத ஊரில் வேறென்ன செய்வாள்? தெருச் சத்தம் படம் முழுக்கக் காதைப் பிளக்கும், அது வேண்டுமென்றே செய்தது. நடுவில் ஒரு ஆடு தியேட்டருக்குள் புகுந்துவிடும்.

வெகுஜனக் காதல் படங்களையும் விட்டுவிடக் கூடாது. துபாயில் என் அலுவலகத்தில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களிடம் ப்ரோக்கா என்றால் தலையைச் சொறிவார்கள், 'ஒன் மோர் சான்ஸ்' (2007) என்றால் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். கேத்தி கார்சியா-மொலினா இயக்கியது. போப்போய், பாஷா என்று ஐந்து வருடக் காதலர்கள். அவள் முடியை வெட்டுவதா வேண்டாமா என்பது வரை அவன் முடிவெடுக்கிறான், மூச்சு முட்டி அவள் பிரிகிறாள். கடைசியில் சேர்த்து வைத்துவிடுவார்கள்தான். ஆனால் 2015-ல் வந்த தொடர்ச்சியான 'எ செகண்ட் சான்ஸ்', கல்யாணத்துக்குப் பிறகு அதே ஆண் எப்படியிருப்பான் என்று நேர்மையாகக் காட்டுகிறது. தொழில் நொடித்துப்போனதை மறைக்கிறான், வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. முதல் படத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அலுவலகத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நாலு வழியில் மிச்சமிருப்பது வெளிநாடு. அதே இயக்குநரின் 'ஹலோ, லவ், குட்பை' (2019) ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் ஜாயின் கதை. நர்ஸ் படிப்பு படித்தவள், கனடா போவதுதான் இலக்கு, நடுவில் ஈதன் என்றொரு பார் ஊழியன். காதலா விசாவா என்ற கேள்வியில் படம் மழுப்பவில்லை. இதன் தொடர்ச்சி 2024-ல் வந்தது, 100 கோடி பெசோ வசூலைத் தாண்டிய முதல் பிலிப்பைன்ஸ் படம். முதல் பாகமே மேல்.

வரிசை கேட்டால்: 'மோரல்', 'ரெலாசியோன்', 'இன்சியாங்', பிறகு 'கிசப்மாத்தா', கடைசியில் 'துஹோக்'. நடுவில் மூச்சு விட 'ஒன் மோர் சான்ஸ்' போட்டுக்கொள்ளலாம். 'ஸ்கார்பியோ நைட்ஸ்', 'செர்பிஸ்' இரண்டையும் வீட்டுக் கூடத்தில் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். 'இன்சியாங்', 'கிசப்மாத்தா', 'துஹோக்' மூன்றிலும் குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறை வருகிறது, அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் 'ரெலாசியோன்' வரை நிறுத்திக்கொள்ளலாம்.